வெட்டு விழாத ஜீப்பு: ஒரு பெகு நாட்குறிப்பு

20 ஜனவரி 2018

பொங்கல் முடிந்த கையோடு ஜீப்பைக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டுபோய்ப் பட்டறையில் விட்டாயிற்று. தாத்தா இங்கே, பர்மாவின் பெகு நகரில், ஒரு ரைஸ் மில்லில் டிரைவராக இருந்தவர். 1964இல் முதலாளி ஊருக்குக் கப்பல் ஏறியபோது, சம்பள பாக்கிக்குப் பதிலாக இந்த வண்டியைத் தாத்தாவிடம் விட்டுப் போனார். அப்போதே அது இருபது வயது வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்து நேச நாட்டுப் படைகள் விட்டுப்போன ஜீப்புகள் பர்மா முழுக்க மூட்டை சுமந்தன, ஆள் ஏற்றின. எங்களுடையதும் அப்படி வந்ததுதான்.

எனக்கு இதைக் காட்சிப் பொருளாக நிறுத்திவைக்க விருப்பமில்லை. தினமும் ஓட்ட வேண்டும், மழையிலும் இரவிலும் பயமில்லாமல் ஓட்ட வேண்டும். அதே சமயம் ஓட்டும்போது தாத்தா ஓட்டிய வண்டியாகவே இருக்க வேண்டும்.

இன்று அடியில் படுத்து மண்ணைச் சுரண்டிப் பார்த்தோம். சேஸிஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். அப்படியானால் சேஸிஸ் வில்லிஸ் கம்பெனியுடையது. ஃபோர்டு செய்த ஜீப்பில் அந்த இடத்தில் கவிழ்த்துப் போட்ட சட்டம் இருக்கும். ஆனால் பாடியில் உள்ள போல்ட் தலைகள் பலவற்றில் ‘எஃப்’ எழுத்து இருக்கிறது, அது ஃபோர்டின் முத்திரை. இரண்டு கம்பெனியும் ஒரே வரைபடத்தில் செய்ததால் ஒன்றின் சாமான் மற்றதில் அப்படியே பொருந்தும். போர்க்களப் பட்டறைகளில் கையில் கிடைத்ததை மாட்டி அனுப்பியிருப்பார்கள். ஆகவே, ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க இந்த வண்டியில் வழியே இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

3 பிப்ரவரி

இன்று முழுக்க எஞ்சினைப் பற்றித்தான் பேச்சு. பட்டறை நடத்துபவர் தமிழர்தான், ஆனாலும் தெருவே அவரை ‘சயா’ (பர்மிய மொழியில் வாத்தியார்) என்று கூப்பிடும், நானும் அப்படியே. அவர் சொன்னது: “தம்பி, இதைக் கழற்றிப் போட்டுட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் ஒண்ணை உட்கார வெச்சிடலாம். ஸ்பேர் எங்க வேணும்னாலும் கிடைக்கும். எண்ணெய்ச் செலவும் பாதி.”

அவர் சொல்வதில் பொய் இல்லை. இந்த நாட்டில் ஓடும் பழைய ஜீப்புகளில் பலவும் அப்படி மாற்றப்பட்டவைதான். அப்படி மாற்றியதால்தான் அவை இன்னும் ஓடுகின்றன. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எங்கள் எஞ்சின் நின்றுபோன எஞ்சின் இல்லை. நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர், வால்வெல்லாம் பக்கவாட்டில் இருக்கும் பழைய அமைப்பு. 60 குதிரைத்திறன் என்று கேட்டால் இன்றைக்குக் குறைவாகத் தெரியும். ஆனால் அதன் இழுவிசை 2,000 சுற்றிலேயே முழுதாக வந்துவிடும். சேற்றில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே முதல் கியரில் ஊர்ந்து ஏறும். அதன் கம்ப்ரஷன் ஆறரைக்கு ஒன்றுதான், அதனால் பங்கில் கிடைக்கும் 92 பெட்ரோலே தாராளம்.

டீசல் எஞ்சினை வைக்க வேண்டுமானால் எஞ்சின் தாங்கியை வெட்ட வேண்டும், எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலை இடிக்க வேண்டும், கியர்பாக்ஸ் மாறும், அதோடு லீவர்களின் இடமும் மாறும். வெட்டிய பிறகு திரும்ப வழி கிடையாது. அதனால் ஒரு நிபந்தனை போட்டேன்: பழைய இரும்பில் வெட்டு விழக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. புதிதாக மாட்டுவது எதுவானாலும் ஏற்கெனவே இருக்கிற ஓட்டையில் போல்ட் போட்டு மாட்டியதாக இருக்க வேண்டும். நாளைக்கு யாருக்காவது பிடிக்கவில்லை என்றால் ஒரு ஸ்பேனரை வைத்துக் கழற்றிவிட முடிய வேண்டும்.

சயா கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, ஹெட்டைத் திறந்து பார்ப்போம்” என்றார்.

17 பிப்ரவரி

பிரேக். என் மனதில் இதுதான் முதல் வேலை.

இந்த ஜீப்புக்கு நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம் பிரேக். டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். அங்கிருந்து கிளம்பும் ஒரே குழாய்தான் நான்காகப் பிரிகிறது. எங்காவது ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். கைப்பிரேக் இருக்கிறதே என்றால், அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் சுழலும் டிரம்மைப் பட்டை போட்டுப் பிடிப்பது. நிறுத்திவைத்த வண்டிக்குத்தான் அது சரிப்படும். 1940களில் பல வண்டிகளில் பிரேக் குழாய் இப்படி ஒன்றுதான். இன்றைய ரங்கூன் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இதை நம்பி என் மகளை ஏற்றிக்கொண்டு போக மாட்டேன்.

டிஸ்க் பிரேக் போடச் சொன்னவர்கள் உண்டு. யோசித்துப் பார்த்தேன். இந்த வண்டியின் டயர் 6.00-16, குறுகலானது. எடை சுமார் 1,100 கிலோ. நான் ஓட்டப்போவது மணிக்கு 40 மைல் வேகத்தில். அந்த வேகத்துக்கு 9 அங்குல டிரம், நல்ல நிலையில் இருந்தால் போதும். நல்ல நிலையில் இருந்தால் என்பதுதான் முக்கியம். பழைய ஜீப் பிரேக் பிடிக்காது என்று சொல்பவர்களின் வண்டியைக் கழற்றிப் பார்த்தால், லைனிங்கின் ஒரு ஓரம் மட்டும் டிரம்மில் உரசிக்கொண்டிருக்கும். ஷூவை டிரம்மின் வளைவுக்குச் சரியாகத் தேய்த்து, முழு லைனிங்கும் படும்படி அடியிலுள்ள பின்னைத் திருப்பி வைத்தால் பாதிக் குறை போய்விடும். சயா அந்த வேலையைச் சாக்பீஸ் தடவித் தடவி ஒவ்வொரு சக்கரமாகச் செய்தார். அவசரமே படவில்லை.

மாற்றியது மாஸ்டர் சிலிண்டரை. இரண்டு அறை உள்ளதாகப் போட்டோம். முன்சக்கரங்களுக்குத் தனிக் குழாய், பின்சக்கரங்களுக்குத் தனிக் குழாய். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். பழைய சிலிண்டர் இருந்த அதே போல்ட் ஓட்டைகளில் ஒரு தகட்டை மாட்டி அதன்மேல் இதை உட்கார வைத்தார் சயா. பெடல் பழையதுதான், மிதிக்கும் தூரமும் ஏறக்குறைய அதேதான். டிரம் பிரேக்குக்குக் குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் நிற்க வேண்டும், 10 பி.எஸ்.ஐ. அளவுக்கு. இல்லாவிட்டால் சிலிண்டரின் ரப்பர் தளர்ந்து காற்று புகும். புது சிலிண்டரில் அதற்கான வால்வு இல்லாததால் இரண்டு குழாயிலும் தனித்தனியாக ஒன்று சேர்த்தோம். கார் சிலிண்டரை வாங்கி ஜீப்பில் மாட்டுபவர்கள் பலரும் விட்டுவிடும் இடம் இது.

பிரேக் திரவத்துக்கு டாட் 4 ரகம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எங்கள் ஊர் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். அதனால் வருடம் ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். சிலிக்கான் திரவம் ஈரம் குடிக்காதுதான். ஆனால் வழியில் குறைந்தால் எந்தக் கடையில் தேடுவது? டாட் 4 எல்லா இடத்திலும் இருக்கிறது.

4 மார்ச்

ரங்கூன் போய்ப் பழைய ஜப்பான் சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். ரேடியேட்டருக்கு உள்கூடு மட்டும் புதிதாகக் கட்டக் கொடுத்தாயிற்று. மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் பழைய பித்தளைதான். பஸ்ஸில் திரும்பும்போது மடியில் ஒரு சின்ன ஆல்டர்னேட்டர்.

18 மார்ச்

அந்த ஆல்டர்னேட்டர் ஒரு குபோட்டா டிராக்டருடையது. சின்ன உருவம். டைனமோ இருந்த இடத்திலேயே, அதன் போல்ட்டிலேயே ஒரு தாங்கியோடு உட்கார்ந்துவிட்டது. பச்சை பெயிண்ட் அடித்துவிட்டோம், பானெட்டைத் திறந்தால் உறுத்தாது. டைனமோவைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வண்டி 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறுகிறது. காரணம் விளக்கு. 45 வாட் பல்ப் ஒன்று 6 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் அதில் பாதிதான். துருப்பிடித்த இணைப்புகளில் அரை வோல்ட் தொலைந்தால் 6 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. விளக்கு மஞ்சளாக அழும். தாத்தா இரவில் ஓட்டியபோது சாலையில் வேறு வண்டியே இல்லை. இப்போது விளக்கில்லாத டிராலர்ஜீகூட (உழவு எஞ்சின் பூட்டிய வண்டி) எதிரே வருகிறது.

மாற்றவேண்டியவை நினைத்ததைவிடக் குறைவு. பாட்டரி, காயில், பல்ப் எல்லாம் புதிது. எண்ணெய் அழுத்த மீட்டரும் வெப்ப மீட்டரும் மெக்கானிக்கல், மின்சாரமே தேவையில்லை. அம்மீட்டருக்கு எந்த வோல்ட்டானாலும் ஒன்றுதான். பெட்ரோல் மீட்டருக்கு மட்டும் வோல்ட் குறைப்பான் ஒன்று. செல்ஃப் மோட்டார் பழைய 6 வோல்ட்டேதான். 12இல் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, ஆனால் சில நொடிக்கு மேல் மிதித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆம், மிதிப்பதுதான்! இந்த ஜீப்பில் ஸ்டார்ட்டர் காலடியில் இருக்கிறது. அதைப் பொத்தானாக மாற்றலாமா என்று எலெக்ட்ரீஷியன் கேட்டபோது உடனே வேண்டாம் என்றேன். சாவியோ பொத்தானோ வந்துவிட்டால் இந்த ஜீப்பை எழுப்பும் பழக்கமே போய்விடும்.

முன்விளக்குகளின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பட்டாம்பூச்சி நட்டைத் தளர்த்தினால் விளக்கு கீல் போட்டுப் பின்பக்கமாகத் திரும்பி எஞ்சின்மேல் வெளிச்சம் அடிக்கும். இருட்டில் ரிப்பேர் செய்வதற்காக வைத்த ஏற்பாடு. அந்தக் கீலுக்கு எட்டும்படி வயரைத் தாராளமாக விட்டோம். விளக்கைப் புதிதாக்கி இந்த வசதியைக் கெடுத்த வண்டிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்கூட வரும்.

இண்டிகேட்டர் அன்றைக்குக் கிடையாது. வெளியே ஒரு புது விளக்கைத் தொங்கவிட மனமில்லை. முன்பக்கம் விமானத் தாக்குதலுக்குப் பயந்து வைத்த குட்டி இருட்டடிப்பு விளக்குகள் இரண்டு உண்டு. அவற்றுக்குள் ஆரஞ்சு எல்.ஈ.டி. போட்டோம். பின்பக்கமும் அதே கதை. இடது பின்விளக்கு மட்டும்தான் சாதாரண விளக்கு, வலது விளக்கு இருட்டடிப்புக்காகவே செய்தது. அதே வட்டக் கூட்டுக்குள் வேறு உள்சாமான் வைத்து இப்போது இரண்டு பக்கமும் சிவப்பு தெரிகிறது. அணைத்துவிட்டால் எதை மாற்றினோம் என்று கண்டுபிடிக்க முடியாது.

9 ஏப்ரல்

பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்ஞானுக்குப் பட்டறை மூடுவதற்குள் இக்னிஷனை முடித்தோம். தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் யூனிட் வைக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே மறைந்துவிடும், வெட்டும் இல்லை. என் நிபந்தனைக்கு அது ஒத்துவரும். ஆனாலும் வேண்டாம் என்று முடிவு. பாயின்ட் கெட்டால் வயல்நடுவில் நின்றுகூட உப்புத்தாளால் தேய்த்து, 20 தௌ (அங்குலத்தை ஆயிரமாக்கியதில் 20 பங்கு) இடைவெளி வைத்து வீடு வந்து சேரலாம். யூனிட் கெட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். புதிது என்பதற்காகவே புதிதைப் போட நான் தயாராக இல்லை.

22 ஏப்ரல்

சீட் பெல்ட். அம்மா கேட்டாள்: “கதவே இல்லாத வண்டிக்குப் பெல்ட் எதுக்குடா?” “கதவில்லாததால்தான் வேண்டும், அம்மா” என்றேன்.

இடுப்புப் பெல்ட் மட்டும்தான் போட முடிந்தது. சீட் போல்ட் ஓட்டையிலேயே, அடியில் தடித்த தகடு வைத்து மாட்டியது. தோள் பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு கம்பி வளைவு வேண்டும். அதையும் போல்ட்டில் நிறுத்தலாம், ஆனால் சேஸிஸோடு சேர்த்துக் கட்டாமல் வெறும் தகட்டில் நிறுத்தினால் வண்டி கவிழும்போது தாங்காது. சரியாகச் செய்ய வழி கிடைக்கும்வரை மகள் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு வரமாட்டாள், ஊருக்குள் மட்டும்தான். அவளுக்குக் கோபம். பரவாயில்லை.

13 மே

விடிகாலையில் கோயில் வாசலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரங்கூன் சாலையில் தௌக்கியான்வரை போய் வந்தேன்.

போகும்போது ஒரு விஷயம் நன்றாக உறைத்தது. இந்த ஜீப்புக்கு ஸ்டீயரிங் இடதுபக்கம். தாத்தா காலத்தில் பர்மாவில் வண்டிகள் சாலையின் இடது ஓரத்தில் போயின, ஆகவே முந்தும்போது அவர் கழுத்தை நீட்டிப் பார்த்திருக்க வேண்டும். 1970 டிசம்பர் 6ஆம் தேதி நாடு முழுவதும் வலதுபக்கத்துக்கு மாறியது. அதன் பிறகு ஜப்பானிலிருந்து வந்து குவிந்த கார்களுக்கோ ஸ்டீயரிங் வலதுபக்கம். இன்று முந்தும்போது எதிரே வருவது அந்தக் கார்க்காரர்களைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. ஒன்றையும் மாற்றாமலே இந்த வண்டி காலத்துக்குப் பொருந்திய இடம் அது.

40 மைலில் பிரேக் பிடித்தேன், ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. முதல் கியரின் முனகல் அப்படியே இருக்கிறது. வண்டி நிற்கும்போதுதான் அந்தக் கியர் விழும், ஓடும்போது போட்டால் பற்கள் கத்தும். அதையும் மாற்றவில்லை, ஓட்டுபவர்தான் கற்றுக்கொள்ள வேண்டும். தௌக்கியானில் போர்க் கல்லறைத் தோட்டத்தின் எதிரே நிறுத்தினோம். அங்குள்ள தூண்களில் கல்லறையே இல்லாமல் போன ஏறக்குறைய 27,000 படைவீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. இந்த ஜீப்பும் அவர்களோடு வந்ததுதான். சயா தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய் வந்தார். நான் தண்ணீர் சூடு பார்த்தேன், மீட்டர் ஏறவில்லை.

திரும்பும் வழியில் ஓட்டச் சொல்லிச் சாவியில்லாத வண்டியை அவரிடம் கொடுத்தேன். பெகு எல்லை வந்ததும் சொன்னார்: “டீசல் போட்டிருந்தா இந்தச் சத்தம் போயிருக்கும்.”

3 ஜூன்

மழை பிடித்துவிட்டது. மிச்சமிருப்பது வைப்பர். இந்த ஜீப்பில் அது கையால் ஆட்டுவது. பெகு மழையில் ஒரு கையால் வைப்பரை ஆட்டிக்கொண்டு மறுகையால் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது விபத்துக்கு வழி. வைப்பர் தண்டு நுழையும் அதே ஓட்டையில் பொருந்தும் 12 வோல்ட் மோட்டார் கிடைக்கிறது. டிரைவர் பக்கம் அதை மாட்டுகிறோம். பக்கத்து சீட்டுக்குக் கைப்பிடி அப்படியே இருக்கும், அதை ஆட்டும் உத்தியோகம் மகளுக்கு. புதன்கிழமை சாமான் வருகிறது. அதுவரை வண்டி கொட்டகையில்.