நாட்டுக்கோழியின் மஞ்சள் கால்

காரைக்குடி சந்தைப் பக்கம் போனால் நாட்டுக்கோழியின் காலைக் கொஞ்சம் கவனியுங்கள். மஞ்சளாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பது பெரிய கதை.

உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. கோழியில் அது ஏறத்தாழ 16,775 எழுத்து நீளம், 37 மரபணுக்கள். குஞ்சுக்குத் தாயிடமிருந்துதான் வரும். நம் நகரத்தாருக்குக் கோயில், அதாவது குலப்பிரிவு, அப்பா வழியில் வருகிறதே, அதற்கு நேர் எதிர். இந்த டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு போனால் வீட்டுக்கோழிகளின் தாய்வழி பெரும்பாலும் செங்காட்டுக்கோழியில் போய் நிற்கிறது. டார்வினும் அதைத்தான் மூதாதை என்றார்.

சரி, மஞ்சள் கால்? 2008இல் வந்த ஆய்வு, அந்த நிறத்துக்கான மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று காட்டியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற அதே பறவை! இந்த வடிவம் இருந்தால், தீனியில் உள்ள மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் நொதியின் வேலை தோலில் அடங்கிவிடுகிறது, நிறம் தங்கிவிடுகிறது. இந்த மரபணு இருப்பது உட்கருவில். மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் படித்தால் கண்ணில் படவே படாது. ஒரு வழியை மட்டும் பார்த்து வம்சம் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர்க் கோழிகளின் இரண்டு டி.என்.ஏ.வையும் கிராமம் கிராமமாக யாராவது படிக்க வேண்டும். பண்ணைக் கோழியோடு கலந்து போவதற்குள் நடந்தால் நல்லது. உயிரியல் படிக்கிற பிள்ளைகள் யாராவது எடுத்துச் செய்யுங்களேன்.