பாப்பா சியர்லீடிங் டிரைஅவுட் போன கதை

பிப்ரவரி 13, 2024, செவ்வாய்

இன்று இரவு ஏழு மணிக்கு உயர்நிலைப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பாப்பா இப்போது எட்டாம் வகுப்பு, ஆகஸ்டில் ஒன்பதாவது போகிறாள், ஒன்பதாம் வகுப்புக்கென்று தனியாக இருக்கிற சியர்லீடிங் குழுவுக்கு டிரைஅவுட், அதாவது ஆள் எடுக்கிற தேர்வு, போகணும் என்று பொங்கலிலிருந்தே நச்சரிப்பு. டாலஸுக்கு வடக்கே நாங்கள் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது, ஆனாலும் இன்று மாலை வரைக்கும் சியர்லீடர் என்றால் எனக்கு ஞாபகம் வந்தது இரண்டுதான். ஒன்று டாலஸின் அமெரிக்க ஃபுட்பால் அணியான கவ்பாய்ஸ் ஆட்டத்தில் ஓரத்தில் நடனம் ஆடுகிற பெண்கள், இன்னொன்று ஐபிஎல் மேடையில் பவுண்டரிக்குப் பவுண்டரி ஆடுகிறவர்கள். அதனால் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பையன்கள் விளையாட இவள் ஓரமாக நின்று கைதட்டுவதா என்று ஒரு கோபம், அந்தக் குட்டைப் பாவாடை வேறு.

கூட்டத்தில் கொடுத்த கட்டு பதினான்கு பக்கம். டாக்டர் கையெழுத்துப் போட்ட உடல் தகுதிப் படிவம் வேண்டும். எல்லாப் பாடத்திலும் 70-க்குக் குறையக் கூடாது, குறைந்தால் களத்தில் இறங்க முடியாது. 1984-ல் டெக்சஸ் போட்ட சட்டமாம் அது, ஃபுட்பால் ஆடுகிற பையனுக்கும் அதேதான். குழுவில் இடம் கிடைத்தால் சீருடை, ஷூ, கோடை முகாம் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல். சமூக ஊடகத்தில் என்ன போடலாம், என்ன போடக் கூடாது என்று ஒரு முழுப் பக்கம். அதைப் படித்தபோது அந்தப் பென்சில்வேனியா வழக்கு ஞாபகம் வந்தது. வார்சிட்டி என்கிற முதல்நிலைக் குழுவில் இடம் கிடைக்காத கோபத்தில் ஒரு பெண் ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தையோடு ஒரு படம் போட, பள்ளி அவளை இருந்த ஜூனியர் குழுவிலிருந்தும் ஒரு வருஷத்துக்கு நீக்கியது. அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2021-ல் எட்டுக்கு ஒன்று என்று அந்தப் பெண் பக்கம் தீர்ப்பு வந்தது. பதினான்கு வயசுப் பிள்ளை ஒரு குழுவில் இடம் கிடைக்காமல் எவ்வளவு நொந்து போகும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடம் செய்தது சரியா தப்பா என்றுதான் யோசித்தேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காரில் வரும்போது பாப்பா ஒன்றும் பேசவில்லை, ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இவர் ஒரு பழைய கதையைத் தேடி எடுத்து வந்தார். சியர்லீடிங்கை ஆரம்பித்ததே ஆண்கள்தானாம். 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று கோஷம் போட வைத்தார், அதுதான் தொடக்கம். பெண்கள் உள்ளே வந்தது 1923-ல். இரண்டாம் உலகப் போருக்குப் பையன்கள் போனதும்தான் பெண்கள் கை ஓங்கியது. அதிபர்களாக இருந்த ஐசன்ஹோவர், ஜார்ஜ் புஷ் இருவருமே படிக்கிற காலத்தில் சியர்லீடராக இருந்தவர்கள் என்று இவர் சொன்னதும் பாப்பாவுக்கு ஒரே சந்தோஷம், தாத்தாவுக்கு உடனே வாட்ஸப்பில் அனுப்பினாள்.

எனக்குப் பிடித்தது வேறு கதை. இங்கேயே, டாலஸில், எஸ்எம்யு பல்கலைக்கழகத்தில் படித்த லாரன்ஸ் ஹெர்க்கிமர் 1948-ல் தேசிய சியர்லீடர் சங்கத்தைத் தொடங்கினார். டெக்சஸின் ஹன்ட்ஸ்வில்லில் அவர் நடத்திய முதல் முகாமுக்கு வந்தது 52 பெண்களும் ஒரே ஒரு பையனும். இன்றைக்கு ஊர் ஊராகப் பிள்ளைகள் கையில் பிடித்து ஆட்டுகிற குஞ்சமான பாம்பாமுக்குக் காப்புரிமை வாங்கியவரும் அவர்தான். ஒரு காலை நேராக நீட்டி மறு காலை மடக்கிக் குதிப்பதற்கு ஹெர்க்கி என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. டிரைஅவுட்டில் பாப்பா குதிக்க வேண்டிய மூன்றில் அதுவும் ஒன்று. மற்ற இரண்டு, இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்துக் குதிக்கிற டோ டச், இரண்டையும் சேர்த்து முன்னால் நீட்டிக் குதிக்கிற பைக். பின்கட்டுப் புல்லில் நாள் முழுக்க இதுதான் நடக்கிறது. டோ டச்சில் கையால் காலைத் தொடப் போகக் கூடாது, கை தன் இடத்தில் நிற்கணும், கால்தான் கை உயரத்துக்கு வரணும் என்று எனக்கே பாடம் எடுக்கிறாள்.

பிப்ரவரி 24, சனி

ஆறு வருஷம் பரதநாட்டியம் கற்றது உதவுகிறது, இடைஞ்சலும் செய்கிறது. அரைமண்டி போட்டுப் போட்டுத் தொடை இரும்பாக இருக்கிறது, குதிப்பில் அது தெரிகிறது. தாளம் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் மணிக்கட்டு! சியரில் கையை முஷ்டியாக மூடி, தோளிலிருந்து முஷ்டி வரை ஒரே கோடாக வைக்கணும். மணிக்கட்டு கொஞ்சம் மடங்கினாலும் ‘உடைந்த மணிக்கட்டு’ என்று மதிப்பெண் போய்விடும். இவளுக்கோ கை தூக்கினாலே தன்னால் மடங்குகிறது, ஆறு வருஷப் பழக்கம். அப்பளக் கட்டை மாதிரி இரண்டு மர ஸ்பூனை முன்கையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டு ‘ஹை வி, லோ வி, டி, டச்டவுன்’ என்று கை நிலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள்.

இதெல்லாம் சரி, பிரச்சினை டம்ப்ளிங். கரணம் என்று நாம் சொல்வதுதான், ஆனால் ஓடி வந்தும் நின்ற இடத்திலிருந்தும் போடணும். இவளுக்குப் பக்கவாட்டில் சக்கரம் மாதிரி சுழல்கிற கார்ட்வீல் வரும், அதே மாதிரி சுழன்று இரண்டு காலையும் சேர்த்து இறங்குகிற ரவுண்ட்-ஆஃப் வரும். குழுவில் சேரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் பின்பக்கம் பாய்ந்து கை ஊன்றி எழுகிற பேக் ஹேண்ட்ஸ்பிரிங் போடுவார்கள். இன்று ஒரு ஜிம்முக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பயிற்சியாளர் நல்ல பெண், மறைக்காமல் சொன்னாள். முதலில் கையில் நேராக நிற்கணும், பாலம் போட்டு எழணும், அப்புறம் முதுகைத் தாங்கி ஒருவர் பக்கத்தில் நிற்க நூறு தடவை, அதற்கப்புறம்தான் தனியாக. ஆறு வாரத்தில் முடியாது, வீட்டில் தானாக முயற்சி செய்யவே கூடாது, கழுத்து போய்விடும்.

இதை எழுதித்தான் ஆகணும். ஏழு வயசில், ஒரு பிறந்தநாள் விருந்துக்கு ஜிம்முக்குப் போய்வந்த அன்றைக்கு, ஜிம்னாஸ்டிக்ஸ் சேர்த்துவிடு அம்மா என்று கேட்டாள். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, மதியம் நாட்டியம், இதில் மூன்றாவது எதற்கு என்று நான்தான் சொன்னேன். அவள் அப்புறம் கேட்கவே இல்லை. இன்று காரில் நானே அதை எடுத்தேன். “எனக்கு ஞாபகமே இல்லம்மா” என்றாள். ஞாபகம் இருக்கிறது, எனக்காகச் சொன்னாள்.

மார்ச் 9, சனி

முட்டிக்குக் கீழே ஒரு காயம், எட்டு நாளாகக் குதிக்கவில்லை. கத்திப் பழகுகிறாள். தொண்டையிலிருந்து கத்தினால் இரண்டே நாளில் குரல் போய்விடும், வயிற்றிலிருந்து வரணும். நான் பள்ளியில் என்சிசி பரேடில் கமாண்ட் கொடுத்தவள், அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்திருந்தது. சமையல் கட்டில் நின்று நாங்கள் இருவரும் கத்தினதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஏப்ரல் 2, செவ்வாய்

மூன்று நாள் பயிற்சி முகாம் இன்று தொடங்கியது. ஒரு சாண்ட் (திரும்பத் திரும்பச் சொல்கிற சின்னக் கோஷம்), ஒரு சியர் (அதைவிட நீளமான கோஷம்), ஒரு நிமிட நடனம், எல்லாம் இன்றே கற்றுக்கொடுத்து வெள்ளிக்கிழமை நடுவர்கள் முன்னால் செய்யணும். பெற்றோருக்கு அனுமதி இல்லை. காரில் உட்கார்ந்து காத்திருந்தேன், நாற்பது ஐம்பது கார் இருக்கும்.

ஏப்ரல் 3, புதன்

இன்றைக்கு ஸ்டன்ட், ஆளைத் தூக்குவது. இதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது, மேலே நிற்கிற பிள்ளைதான் கண்ணில் படும். நாலு பேர் வேலை இது. ஃப்ளையர் மேலே போகிறவள். இரண்டு பேர் பேஸ், ஆளுக்கொரு பாதத்தை உள்ளங்கையில் வாங்கி நெஞ்சு உயரத்துக்குத் தூக்குகிறவர்கள். பின்னால் ஒருத்தி பேக் ஸ்பாட், கணுக்காலைப் பிடித்துப் பாரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வாள், ஃப்ளையர் சரிந்தால் தலையும் தோளும் தரையில் படாமல் ஏந்துவது அவள் பொறுப்பு. முதுகை வளைத்துத் தூக்கினால் முதுகு போய்விடும், காலிலிருந்து எழணும், நாலு பேரும் ஒரே எண்ணிக்கையில் மூச்சு விடணும். பேஸ் கண்ணை எடுக்கவே கூடாது, ஃப்ளையர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கணும். கூடைப்பந்து ஆடுகிற மரத்தரையில் பிள்ளையை மேலே வீசிப் பிடிக்க உயர்நிலைப் பள்ளி விதியில் அனுமதியே கிடையாதாம், கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

பாப்பாவைப் பேஸ் ஆக நிற்க வைத்தார்கள். அரைமண்டி அங்கே பலித்திருக்கிறது. கோச் இரண்டு தடவை மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு இவள் எப்படிக் கீழே இறங்கி எழுகிறாள் பாருங்கள் என்று காட்டினாராம். முன்கை முழுக்க ஷூ தடம், தோள்பட்டை எலும்பில் ஒரு ஊதாக் கன்றல். ஐஸ் வைத்துக்கொண்டே சிரிக்கிறாள். “அவ என் கையில நின்னாம்மா, கொஞ்சம்கூட ஆடல” என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

மதுரைக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். “நம்ம பிள்ளையத் தூக்கிப் போடுறாங்களாடி?” என்று பதறினவள், இல்லம்மா, இவள்தான் கீழே நின்று தாங்குகிறாள் என்றதும், “வழுக்கு மரத்துக்குத் தோள் குடுக்கிறவன் மாதிரியா? அப்பச் சரி, நல்லாச் சாப்பிடச் சொல்லு” என்றாள். இத்தனை நாளில் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது அம்மா ஒருத்திதான் என்று தோன்றியது.

ஏப்ரல் 5, வெள்ளி

எண் 27. டிஷர்ட்டில் ஊக்கு வைத்துக் குத்திவிட்டேன். பெயர் தெரியக் கூடாது, நடுவர்கள் வெளியூர்க்காரர்கள், மூன்று மூன்று பேராக உள்ளே போகணும். முடியை இழுத்துக் கட்டி, வெள்ளை ரிப்பன். உள்ளே போனதும் வெளியே வந்ததும் பத்து நிமிடம்தான். குதிப்பு நன்றாக வந்ததாம், நடனத்தில் ஒரு இடம் மறந்து உடனே பிடித்துவிட்டாளாம். டம்ப்ளிங்குக்குக் கூப்பிட்டபோது ரவுண்ட்-ஆஃப் போட்டு நேராக நின்று சிரித்தாளாம். அவளோடு போன மற்ற இருவரும் அதைத் தொடர்ந்து பின்பக்கம் இரண்டு பாய்ச்சல்.

இரவு ஒன்பதுக்கு எண்களைப் போட்டார்கள். 24, 25, 29. 27 இல்லை. எங்கேயாவது இருக்குமோ என்று நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பாப்பா ஒரே தடவைதான் பார்த்தாள். கூடவே முகாமுக்குப் போன தோழி, இவள் கையில் ஏறி நின்றாளே, அவள் எண் இருந்தது. அவளுக்கு வாழ்த்து அனுப்பிவிட்டுத்தான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. இவர் போய்க் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டார், ஒன்றும் பேசவில்லை. நான் தோசை ஊற்றி வைத்தேன். பதினோரு மணிக்கு வந்து நாலு சாப்பிட்டாள்.

ஏப்ரல் 6, சனி

மதிப்பெண் தாள் கேட்டால் தருவார்கள், கேட்டு வாங்கினோம். மோஷன் என்கிற கை அசைவு, குரல், குதிப்பு எல்லாவற்றிலும் நன்றாகத்தான் வாங்கியிருக்கிறாள், ஸ்டன்டில் கிட்டத்தட்ட முழுசு. டம்ப்ளிங்கில் 20-க்கு 5.

நடுவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே எல்லாரையும் ஒரே அளவுகோலில்தான் அளந்திருக்கிறார்கள். ஆனால் அந்த 20 மதிப்பெண் உள்ளே போவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னாலேயே தனியார் ஜிம்களில் மாதா மாதம் பணம் கட்டி வாங்கப்பட்டுவிட்டது. பள்ளியில் டம்ப்ளிங் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, பள்ளி கற்றுக்கொடுக்காத ஒன்றுக்குப் பள்ளிக் குழு மதிப்பெண் போடுகிறது. எங்களால் பணம் கட்ட முடிந்திருக்கும், எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கட்டவே முடியாத வீட்டுப் பிள்ளை அந்த நாற்பது ஐம்பது பேரில் எத்தனை பேர்? பக்கத்து ஊர் ஆலனில் 2012-ல் 6 கோடி டாலர் செலவில், 18,000 பேர் உட்காருகிற ஃபுட்பால் மைதானத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கட்டினார்கள். அவ்வளவு செலவு செய்யத் தெரிந்த இந்தப் பக்கத்தில் சாயங்காலம் ஒரு பாய் விரித்து ஒரு பயிற்சியாளரை நிறுத்த முடியாதா? கோச்சுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். பாப்பா படித்துப் பார்த்து, “என் பேரை எடுத்துடும்மா, மத்தது அப்படியே இருக்கட்டும்” என்றாள். எடுத்துவிட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 8, திங்கள்

இன்று முழு சூரிய கிரகணம். காலையிலிருந்து மேகம், கிடைக்காது என்றே நினைத்தோம், மதியம் நேரத்துக்கு விலகியது. 1.40-க்கு இருட்டியது. டாலஸ் நகருக்குள் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, எங்கள் பக்கம் அதைவிடக் குறைவு. நான் அலுவலகக் கார் நிறுத்தும் இடத்தில் நின்று பார்த்தேன், தெருவிளக்கெல்லாம் எரிந்தது. பாப்பா பள்ளியில் எல்லாரையும் மைதானத்துக்கு விட்டிருக்கிறார்கள். இருட்டினதும் மொத்தப் பள்ளியும் கத்தியதாம். வீட்டுக்கு வந்தவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, தொண்டையிலிருந்தே கத்தியிருக்கிறாள், வயிற்றை மறந்துவிட்டாள்.

நாளை மாலை ஆறரைக்கு டம்ப்ளிங் வகுப்பு, அந்த ஜிம்மில்தான். தொடக்க நிலை என்பதால் கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் ஏழெட்டு வயசுக் குழந்தைகள், பரவாயில்லையா என்று பயிற்சியாளர் போனில் கேட்டாள். பாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, “எத்தனை மணிக்குன்னு கேளும்மா” என்றாள்.