கோப்பறையில் மட்டும் கேட்கும் குரல்

புதிதாகத் திறக்கப்பட்ட ஓர் அலுவலகத்தை இன்று பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, கணக்குப் பிரிவுப் பெண்மணி ஒருவர் கைப்பேசி ஒலித்ததும் எழுந்து, பழைய கோப்புகள் அடுக்கிய சிற்றறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அங்கே மட்டும்தான் எதிர்முனையில் பேசுவது காதில் விழுகிறது" என்றார், திரும்பி வந்து.

கூடத்தை அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடித் தடுப்புகள், பளபளக்கும் கல் தரை, வெறுமையாக விடப்பட்ட கான்கிரீட் கூரை.

புகைப்படத்தில் மிக அழகாக இருக்கும். (முதல் வரைபடத்தைப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன்.) ஆனால் இம்மூன்றும் தம்மீது விழும் பேச்சொலியில் மிகச் சிறு பங்கையே உறிஞ்சி, மீதியை அறைக்கே திருப்பி அனுப்புபவை. கோப்பறையிலோ, தாள்கட்டுகள் யாரும் திட்டமிடாமலேயே உறிஞ்சும் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

1895-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக்கூடம் ஒன்றில் பேச்சு புரியவில்லை என்ற குறையை ஆராயத் தொடங்கிய இயற்பியலாளர் வாலஸ் சபைன், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்க எத்தனை நொடிகள் ஆகின்றன என்று அளந்தார். அறையின் கனஅளவு கூடினால் முழக்கம், அதாவது ஒலி அடங்காமல் நீடிக்கும் நேரம், நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறுகும் என்ற சூத்திரம் அந்த மெத்தைகளிலிருந்துதான் பிறந்தது.

கூரையில் ஒலியை உறிஞ்சும் கனிமக் கம்பளிப் பலகைகளைத் தொங்கவிடலாம் என்று உரிமையாளரிடம் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, வரவேற்பு மேசைக்குப் பின்னால் பொருத்த இன்னொரு பெரிய கண்ணாடி வந்து இறங்கியிருப்பதாகச் சொல்லி, அதைக் காட்ட அழைத்துச் சென்றார்.