இந்திய வீட்டுத்திட்டத்தில் நாங்கள் வீடு கட்டின கதை

2010இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது எங்கள் காணியில் மிஞ்சியிருந்தவை கிணறும் ஒரு பக்கச் சுவரும்தான். முதலில் தறப்பாள், பிறகு தகரக் கொட்டில். அந்த வருடம் ஜூன் மாதம்தான் இந்தியா 50,000 வீடுகள் தரப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது.

முதல் 1,000 வீடுகளைக் கொந்தராத்து நிறுவனத்தைக் கொண்டு கட்டினார்கள். 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய அடுத்த கட்டம் வேறு மாதிரி. வீட்டுக்காரரே கட்ட வேண்டும். ஐந்தரை இலட்சம் ரூபா, வேலை நடக்க நடக்க நேராக எங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஓமந்தையிலிருந்து வடக்கே போன தண்டவாளம் இந்தியக் கடனில் போட்டது, அதை நாடு திருப்பிக் கட்ட வேண்டும். வீடு அப்படியில்லை, முழுக்க நன்கொடை. இதை ஊரில் பலருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. "பிறகு காசைத் திருப்பிக் கேட்பாங்களோ பிள்ளை?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கையெழுத்துப் போடவே பயந்தார்.

பெண் தலைமைத்துவக் குடும்பமா, அங்கவீனர் இருக்கிறாரா, வயது போனவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துப் புள்ளி போட்டார்கள். பட்டியலை எல்லோரும் பார்க்க ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொன்னார்கள். அப்பா இல்லாததால் அம்மாவின் பெயர் முதல் பட்டியலிலேயே வந்தது.

சிக்கல் காணியில்தான். காணிக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரமான பெமிட் அம்மப்பாவின் பெயரில் இருந்தது, அந்தக் கடதாசியும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், மாமாமார் இருவரின் சம்மதக் கடிதம் என்று சேர்த்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு ஏழு தடவை போனேன். எல்லாம் சரி என்று நினைத்த நேரத்தில், அடையாள அட்டையில் இருந்த பெயருக்கும் வங்கிப் புத்தகத்தில் இருந்த பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம். அதைத் திருத்த இன்னொரு மாதம். இப்படியான திட்டங்களுக்குப் போகிறவர்கள் முதல் நாளே எல்லாக் கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

ஒரு கட்டம் முடிந்து, தொழில்நுட்ப அலுவலர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்த கட்டக் காசு. அத்திவாரம் வரை பிரச்சினை இல்லை. சுவரில்தான் மூச்சு முட்டியது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு எழும்பியதால் மேசனுக்கும் மணலுக்கும் தட்டுப்பாடு. எங்கள் மேசன் முற்பணத்தை வாங்கிக்கொண்டு, யன்னல் மட்டத்தோடு சுவரை விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். சுவர் முடியாமல் காசு இல்லை, காசு இல்லாமல் சுவர் இல்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

சுவருக்கான சீமெந்துக் கல்லை மட்டும் நாங்களே அச்சில் வார்த்து அரிந்தோம். தம்பி கலவை போடுவான், நான் அச்சைக் கவிழ்ப்பேன், அம்மா நனைத்த சாக்கால் மூடி நேரம் தவறாமல் தண்ணீர் ஊற்றுவார். அலுவலர் முதல் முறை வந்தபோது இரண்டு கல்லைத் தூக்கி இடுப்பு உயரத்திலிருந்து நிலத்தில் போட்டார். விளிம்பில் கொஞ்சம் உதிர்ந்தது, உடையவில்லை. "ஆர் அரிஞ்சது?" என்று கேட்டார். அம்மா தம்பியின் தோளைப் பிடித்து முன்னுக்குத் தள்ளிவிட்டார். அவனுக்கு அப்போது பதினாறு வயது.

ஐந்தரை இலட்சம் போதவில்லை. ஓடும் மரமும் வாங்குகிற நேரத்தில் விலை ஏறியிருந்தது. எங்களைப் போலக் கடன்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர். ஆனாலும் இந்த முறைதான் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். குசினி வாசல் கிணற்றுப் பக்கம் இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னார், அப்படியே வைத்தோம். கொந்தராத்துக்காரர் கட்டியிருந்தால் அதை யார் கேட்டிருப்பார்கள்?

2013 செப்டெம்பர் 14இல் யாழ்தேவி ரயில் மறுபடியும் கிளிநொச்சிக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டாகிவிட்டது. கடைசிக் கட்டக் காசு மணல்காரருக்கும் புது மேசனுக்கும் போனது. சங்கிலியை 2015 தைப்பொங்கலுக்கு முதல் நாள் மீட்டோம். வெளிச்சுவருக்குப் பூச்சு அதற்கும் பிறகுதான்.