கடல் பாலமும் மலை நகரமும்

போன வாரம் மும்பையில் டாக்ஸியில் பாந்த்ரா-வோர்லி கடல் பாலத்தைக் கடந்தேன். பக்கவாட்டில் கம்பிவடங்கள் சரசரவென்று பின்னால் ஓட, ஓட்டுநர் டோல் கட்டணத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு இதைக் கட்டிய எச்.சி.சி. (ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி) நிறுவனத்தின் நினைப்பு.

தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் 1926-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆரம்ப கால வேலைகளில் ஒன்று, மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே உள்ள போர் காட் (Bhor Ghat) மலையைக் குடைந்து ரயில் சுரங்கங்கள். அப்புறம் மேற்கு வங்கத்தில் கங்கை மேல் ஃபரக்கா தடுப்பணை, நம்ம கூடங்குளம் அணு உலைக் கட்டடங்கள் என்று கை வைத்ததெல்லாம் பெரிய காரியங்கள். கப்பல் கட்டும் தளம், விமானத் தொழிற்சாலை என்று வால்சந்த் தொடாத துறை குறைவு. 1953-இல் அவர் காலமானார்.

கடல் பாலம் 2009-இல் திறந்தபோது, அதே குடும்பத்து அஜித் குலாப்சந்த் கையில் கம்பெனி. அதே காலத்தில்தான் புனே பக்கம் மலைகளுக்கு நடுவே லவாசா என்று ஒரு நகரத்தையே கட்டக் கிளம்பினார்கள். 2010-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தச் சொன்னது. கடன் வாங்கிக் கட்டிய நகரம்; வீடு விற்றால்தான் வட்டி கட்ட முடியும். வேலை நின்றாலும் வட்டி நிற்குமா? 2018-இல் லவாசா திவால் நடவடிக்கைக்குப் போனது. தாய்க் கம்பெனியான எச்.சி.சி.யும் கடனில் தத்தளித்தது. பங்கு விலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

அடுத்தவருக்குக் கட்டிக் கொடுத்தவரை கொத்தனார், சொந்தமாகக் கட்டி விற்க இறங்கியதும் கடன்காரர். எங்கள் ஊர் மேஸ்திரி ஒருவரும் இப்படித்தான். அவர் கட்டிய நாலு வீட்டில் இரண்டு இன்னும் பூட்டியே கிடக்கின்றன.