கடலுக்குப் போகாத இன்னொரு ஆறு

கேப்டவுனில் ஏறும்போதே வழிகாட்டி சொல்லிவிட்டார், இதை பஸ் என்று சொல்லக்கூடாது, ட்ரக் என்றுதான் சொல்ல வேண்டும் என்று. லாரி அடிச்சட்டத்தின் மேல் கட்டிய உயரமான வண்டி. இருபத்துநான்கு இருக்கைகள், பின்னால் ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி. அடிவயிற்றில் கூடாரங்கள், சமையல் சாமான், தண்ணீர்த் தொட்டி. அதில் இருபது நாள், நமீபியா, போட்ஸ்வானா வழியாக விக்டோரியா அருவி வரைக்கும். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தினேன். நமீப், கலகாரி என்று சாக்பீஸால் எழுதி எழுதி அழித்த பெயர்களை ஓய்வு பெற்றதும் ஒருமுறையாவது மிதித்துவிட வேண்டும் என்றிருந்தது.

எனக்குப் பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். எந்த ஊருக்குப் போனாலும் இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கண் தேடும். இந்தப் பயணம் முழுக்க அதையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆரஞ்சு ஆற்றைத் தாண்டினால் நமீபியா. அதற்கப்புறம் சாலை பாலம் பாலமாக ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு பாலத்துக்குக் கீழும் மணல்தான். அந்த நாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறுகள் வடக்கு, தெற்கு எல்லைகளை ஒட்டித்தான் இருக்கின்றன. மற்றவர்கள் வரிக்குதிரை தேடிக்கொண்டிருக்க, நான் மணலில் தண்ணீர் போன தடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். டெட்விளை என்ற காய்ந்த களிமண் படுகையில் அந்தத் தடம் மணல்மேட்டில் முட்டி நின்றது. சௌசாப் என்ற ஆறு ஒரு காலத்தில் அங்கே வந்து தேங்கியிருக்கிறது. மணல்மேடு நகர்ந்து ஆற்றை மறித்துவிட்டது. வெள்ளைக் களிமண் தரையில் கருவேல இனத்து மரங்கள் கரிக்கட்டை நிறத்தில் நிற்கின்றன. செத்து அறுநூறு, எழுநூறு வருஷம் ஆகிறதாம். மட்கிப்போகக்கூட ஈரம் இல்லாததால் அப்படியே நிற்கின்றன. எல்லாரும் படம் எடுத்தார்கள். எனக்கு வரத்துக்கால் அடைபட்ட எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்று ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்வாகோப்முண்ட் கடற்கரையில் விடிகாலையில் மூடுபனி. குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தின் மேல் உண்டாகிப் பாலைவனத்துக்குள் நகரும் பனி அது. அங்கே ஒரு வண்டு தலையைத் தாழ்த்தி முதுகைக் காற்றுக்குக் காட்டி நிற்குமாம். முதுகில் படிந்த பனி சொட்டாகி வாய்க்கு இறங்கும். இதை எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பனி என் மூக்குக்கண்ணாடியில் படிந்த அன்றைக்குத்தான் அது எனக்கே முழுசாகப் புரிந்தது.

விண்ட்ஹுக்கில் குழாயைத் திறந்து இரண்டு டம்ளர் குடித்தேன். அந்த நகரம் 1968-லிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு சேர்த்து விநியோகிக்கிறது. உலகத்தில் அதைச் செய்த முதல் ஊர். கூட வந்த சிலர் முகம் சுளித்தார்கள். நான் மரியாதையோடு குடித்தேன்.

ட்ரக்கில் எல்லாருக்கும் முறை வைத்து வேலை உண்டு. காய் நறுக்குவது, வண்டி கூட்டுவது, பாத்திரம் கழுவுவது. மூன்று பேசின்: முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்தது நல்ல தண்ணீர், மூன்றாவதில் கிருமிநாசினி. துடைக்கத் துணி கிடையாது. தட்டை இரண்டு கையிலும் பிடித்துக் காற்றில் வீசிக்கொண்டே நிற்க வேண்டும், ஃப்ளாப்பிங் என்பார்கள். பாலைவனக் காற்றில் ஒரு நிமிஷத்தில் காய்ந்துவிடும். சமையல்காரர் ஜிம்பாப்வேக்காரர். பேசினில் தண்ணீரை அளந்துதான் ஊற்றுவார். கழுவி முடிந்ததும் சோப்பில்லாத தண்ணீரைத் தூக்கிப்போய் ஒரு முள்மரத்தடியில் நான் ஊற்றினேன். பார்த்துவிட்டு, "மாமா, உங்க ஊரும் காய்ஞ்ச ஊரா?" என்றார். அங்கே மூத்த பெண்களை மாமா என்றுதான் அழைக்கிறார்கள், அம்மா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் காலையில் முதல் காபி எனக்குத்தான் வந்தது.

எடோஷா வனவிலங்குப் பூங்காவில் ஒக்காகுவேயோ முகாமை ஒட்டி ஒரு நீர்க்குட்டை. இரவில் விளக்கு போட்டிருக்கிறார்கள். கல்சுவருக்கு இந்தப் பக்கம் நாம் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். கடுங்குளிர். தூங்கும் பையை மேலே சுற்றிக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் இருந்தேன். ஒரு கருப்புக் காண்டாமிருகம் வந்து குடித்துவிட்டு, போக மனசில்லாமல் தன் நிழலைப் பார்த்தபடி அங்கேயே நின்றது. ஒட்டகச்சிவிங்கி ஒன்று முன்னங்காலை அகட்டி, அகட்டி, நாலு தடவை யோசித்து அப்புறம்தான் குனிந்தது.

போட்ஸ்வானா எல்லையில் செருப்புகளை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொன்னார்கள், கால்நடைகளுக்குக் கோமாரி பரவாமல் இருக்க. பணம் மாற்றியபோது நோட்டில் 'புலா' என்றிருந்தது. புலா என்றால் மழை. வாழ்த்துவதற்கும் அதே சொல்தான். பணத்துக்கு மழை என்று பெயர் வைத்த ஜனங்கள்! அந்த நோட்டில் ஒன்றைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறேன்.

விக்டோரியா அருவியைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. 1,708 மீட்டர் அகலம், தெப்பமாக நனைந்தேன், அது போதும். எனக்கு ஒக்கவாங்கோ ஆற்றைத்தான் சொல்ல வேண்டும்.

மவுன் என்ற ஊரிலிருந்து போய் மொகோரோ என்ற ஒல்லியான ஓடத்தில் ஏறினோம். முன்பு மரத்தைக் குடைந்து செய்தது, இப்போது ஃபைபர். பின்னால் நின்று நீளக் கழியால் ஊன்றித் தள்ளியவர் அந்த ஊர்ப் பெண், என் மகள் வயது இருக்கும். ஜூலை மாதம் அங்கே சொட்டு மழை கிடையாது. ஆனால் புல்வெளியெல்லாம் தண்ணீர், அடி மணல் தெரிகிற தெளிவு. அங்கோலா மேட்டில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்த மழை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, கோடை மழை நின்று எல்லாம் காய்ந்த பிறகு இங்கே வந்து சேர்கிறது. வந்து கலகாரி மணலில் விரிந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. கடலுக்குப் போவதில்லை.

"எங்க ஆறும் கடலுக்குப் போறது அபூர்வம்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிவதைச் சொன்னேன். கடல் சிவனுக்கு நஞ்சைக் கொடுத்ததாம், அந்தக் கோபத்தில் வைகை கடல் பக்கமே திரும்பமாட்டாள் என்று அப்பத்தா சொல்லும் கதையையும் சொன்னேன். கழியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தவர், "உங்க ஆத்துக்கு எங்கே தங்கணும்னு தெரிஞ்சிருக்கு" என்றார்.

மவுனுக்குத் திரும்பியதும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மழையே இல்லாத ஊருக்குத் தண்ணி வந்திருக்குண்ணே."

"எந்த மடையைத் தொறந்தாங்களாம்?"

"யாரும் தொறக்கலண்ணே. மடையே கிடையாது. அதுவா வருது, வருஷா வருஷம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "தண்ணி தெளிவா இருக்காம்மா?" என்று கேட்டார்.