ஒல்லியா இருக்கறவன் ஒடம்பு அதிகமா எரிக்குதுங்களா?

எங்க பக்கம் நோம்பிக்கு ஒரம்பரை கூடுனா யாராச்சும் ஒருத்தர் கட்டாயம் சொல்லுவாங்க, "மாப்ளைக்கு மெட்டபாலிசம் ஜாஸ்தி, எத்தன தின்னாலும் ஒட்டாது"ன்னு. அரிசிம்பருப்பு சாதத்துல நெய்ய ஊத்தி மறுக்கா மறுக்கா வாங்கித் தின்னா அப்பிடித்தான் தோணும். ஆனா சும்மா படுத்திருக்கறப்ப ஒடம்பு எரிக்கற கலோரிய மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்க, ஆளே மாறிப்போயிரும்.

இந்தக் கணக்குக்கு டயட்டீஷியனுங்க போடற மிஃப்ளின் ஃபார்முலா 1990ல வந்தது. 35 வயசு, 175 செ.மீ. உசரம்னு ரெண்டு ஆம்பளைங்கள எடுத்துக்கங்க, 80 கிலோக்காரருக்கு ஒரு நாளைக்கு சுமார் 1,724 கலோரி வருது, 55 கிலோ ஒல்லிக்கு 1,474தான். 250 கம்மிங்க! ஒடம்பு பெருசா இருந்தா செலவும் பெருசு, அவ்வளவுதான். ஒல்லி மாப்ள பொழுதன்னிக்கும் தோட்டத்துல நடந்துட்டே இருப்பாரு, இல்லீன்னா அடுத்த வேளை தன்னால கம்மியா தின்னுருவாரு, அது வேற கணக்கு.

மூளை, கல்லீரல், இதயம், கிட்னி நாலும் சேந்து ஒடம்பு எடையில 5-6 சதவீதம்தான், ஆனா படுத்திருக்கறப்ப ஆகற செலவுல பாதிக்கு மேல இதுங்கதான். இதயமும் கிட்னியும் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 440 கலோரி கிட்ட தின்னும், சும்மா இருக்கற தசை 13, கொழுப்பு 4.5. அப்ப "தசைய ஏத்துனா தூங்கறப்பவே கொழுப்பு கரையும்"னு கோயமுத்தூர் ஜிம்முல சொல்றாங்கல்ல, கஷ்டப்பட்டு 5 கிலோ தசை ஏத்துனாலும் 65 கலோரிதான் வருது, சக்கர போட்ட ஒரு பால் டீக்கு செரியாப் போச்சு. ஜிம்முக்குப் போகாதீங்கன்னு சொல்லல, போங்க, அதுக்கு வேற நல்ல காரணம் நெறைய இருக்கு.

பொம்பளைங்களுக்கு கொழுப்பில்லாத எடை கம்மி, அதனால செலவும் கம்மி. முப்பது தாண்டுனா எல்லாம் படுத்துருச்சுன்னு பொலம்பறதும் சரியில்லீங்க, 2021ல வந்த ஒரு பெரிய ஆய்வுல ஒடம்பு அளவ கழிச்சுப் பாத்தா 20லிருந்து 60 வரைக்கும் பெருசா மாறவே இல்ல.

எடை, உசரம், வயசு எல்லாம் ஒண்ணா இருந்தாலும் ரெண்டு பேருக்கு வித்தியாசம் வரும், உறுப்புங்க அளவு, பரம்பரை, தைராய்டுன்னு காரணம் இருக்கு. பட்டினி கெடந்து எடைய எறக்குனா, எறங்குன எடைக்குக் கொறைய வேண்டியத விட இன்னும் கொஞ்சம் கொறச்சுக்கும் ஒடம்பு. தைராய்டு கம்மியானா செலவு கொறையறது நெசம்தான், சோர்வு, குளுரு தாங்காம இருக்கறதுன்னு இருந்தா டிஎஸ்எச்-ங்கற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாத்துருங்க. ஆனா அதுல ஏறற எடை பெரும்பாலும் உப்பும் தண்ணியும் சேந்து ஒரு சில கிலோதான், இருவது கிலோவையும் அது தலையில கட்ட முடியாதுங்க.